பையைப் பார்த்துக்கொள்வது யார்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன மாதம் நம் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அக்கா, நீங்க முப்பது வருஷம் பேங்க்ல இருந்தவங்க. பிள்ளைகளுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க" என்றார். சேமிப்பு, கடன், வட்டி என்று நான் பேசுவேன் என நினைத்திருப்பார். "குடும்பத்தோடு தீம் பார்க் போவது எப்படி என்று பேசப்போகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. (சிரிப்பு)

சிரிக்க வேண்டாம். ஒரு குடும்பம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அந்தக் குடும்பம் ஒரு நாள் உல்லாசப் பயணத்துக்கு எப்படித் திட்டம் போடுகிறது என்று பாருங்கள். பட்ஜெட் அதில் இருக்கிறது. பதவி அதில் இருக்கிறது. யார் பேச்சு எடுபடும், யார் பேச்சை யாருமே கேட்பதில்லை என்பதும் அதில் இருக்கிறது.

நாங்கள் படித்த காலத்தில் லீவு என்றால் தாத்தா பாட்டி ஊர். மிஞ்சிப் போனால் பொருட்காட்சி. சென்னைக்காரர்களுக்குத் தீவுத்திடல், மதுரைக்காரர்களுக்குச் சித்திரைப் பொருட்காட்சி. ராட்டினம், மரணக் கிணறு, கையில் பிடிக்க முடியாத அளவுக்கு ஒரு பெரிய டெல்லி அப்பளம். சாயங்காலம் போய் ராத்திரி திரும்பிவிடலாம். அதற்குத் திட்டமே தேவையில்லை. அப்பா சட்டை மாட்டினால் போதும், பின்னாலேயே கிளம்பிவிடுவோம்.

பிறகு காலம் மாறிவிட்டது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' முப்பரிமாணப் படத்தை 1984-இல் தயாரித்தாரே நவோதயா அப்பச்சன், அவர் 1995-இல் தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தாவைத் தொடங்கினார். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி மலையடிவாரத்தில் பிளாக் தண்டர் வந்தது. 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட், 2005-இல் பெங்களூரில் வொண்டர்லா. அதே வொண்டர்லா 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம், சென்னைக்கே வந்துவிட்டது. இப்போது ஏப்ரல் மாதம் பரீட்சை முடிந்ததும் எந்த வீட்டிலும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த பார்க்குக்குப் போறோம்?" என்பதுதான்.

இந்த மாதிரிப் பூங்கா எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு பெஞ்சில் பிறந்தது. வால்ட் டிஸ்னிக்கு இரண்டு பெண் குழந்தைகள். விடுமுறை நாளில் அவர்களை லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கிரிஃபித் பூங்காவுக்குக் கூட்டிப் போவார். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழ்கிற மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று தமக்குத் தோன்றியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். 1955 ஜூலை 17-ஆம் தேதி கலிபோர்னியாவில் அனாஹைம் என்ற ஊரில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது.

திறப்பு விழா பெரிய கூத்து. கள்ள டிக்கெட்டோடு ஏகப்பட்ட பேர் நுழைந்துவிட்டார்கள். புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. குழாய் வேலை செய்கிறவர்கள் ஸ்டிரைக் செய்திருந்ததால் குடிதண்ணீர்க் குழாய்கள் பல இயங்கவில்லை. கலியாண வீட்டில் சாம்பார் தீர்ந்துபோன கதைதான்! ஆனாலும் அந்த யோசனை மட்டும் உலகம் முழுவதும் பரவிவிட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், "நான் ஏன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்?" என்று கேட்டதால் தீம் பார்க் பிறந்தது. அது பிறந்து எழுபது ஆண்டு தாண்டியும் நம் குடும்பங்களில் ஒருவர் இன்னும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எந்த தீம் பார்க்குக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மர நிழலில் வரிசையாக பெஞ்சுகள் இருக்கும். ஒவ்வொரு பெஞ்சிலும் ஓர் அம்மா, அல்லது ஓர் ஆயா. மடியில் ஒரு பை, இரண்டு பக்கமும் இரண்டு பை, காலடியில் ஆறு ஜோடிச் செருப்பு. கையில் நாலு செல்போன், ஒரு மூக்குக் கண்ணாடி, யாரோ கழற்றிக் கொடுத்த வாட்ச். காலை பத்தரைக்கு உட்கார்ந்தவர் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்திருப்பார். அவருக்கும் முழு டிக்கெட்தான் வாங்கியிருப்போம். வீட்டுக்கு வந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று யாராவது கேட்டால், "பிள்ளைங்க நல்லா விளையாடுச்சுங்க" என்பார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

ஏன் அவர் மட்டும் உட்காருகிறார்? "அவங்களுக்குப் பயம்", "அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பாதிதான் உண்மை. முதல் காரணம் சேலை. நீர் விளையாட்டுகளில் சேலை, வேட்டி, பருத்தித் துணி எல்லாம் அனுமதிப்பதில்லை. நைலான் மாதிரித் துணிதான் உடுத்த வேண்டும். பாதுகாப்புக்காக வைத்த விதி அது, தப்பில்லை. ஆனால் வீட்டில் துணி எடுத்து வைக்கும்போது எல்லாருக்கும் நீச்சல் உடை வாங்குவோம், அம்மாவுக்கு மட்டும் வாங்க மாட்டோம். அவர் தண்ணீரில் இறங்கப் போவதில்லை என்று கடையிலேயே தீர்மானம் ஆகிவிட்டது. அவரை யாரும் கேட்கவே இல்லை.

இரண்டாவது காரணம் லாக்கர். ஒரு லாக்கருக்கு வாடகை கொடுத்தால் பையை வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாம். "அதுக்கு எதுக்குக் காசு? அதான் அத்தை இருக்காங்களே" என்போம். பேங்க்காரியாகச் சொல்கிறேன். ஒரு லாக்கர் வாடகையை மிச்சம் பிடிக்க ஒரு முழு டிக்கெட்டை வீணாக்குகிற கணக்கு எந்த ஆடிட்டரிடமும் செல்லாது. (சிரிப்பு)

எங்கள் வீட்டில் இது எப்படி மாறியது என்று சொல்கிறேன். 2006 மே மாதம். அப்போது நாங்கள் திருச்சியில் இருந்தோம். மகளுக்குப் பதினேழு வயது, மகனுக்குப் பதின்மூன்று. மாமியாருக்கு அறுபத்தேழு. வேன் பேசிச் சென்னைப் பக்கம் ஒரு பூங்காவுக்குப் போவதாகத் திட்டம். அதற்கு முந்தைய பயணங்களில் பெஞ்சு எனக்கும் மாமியாருக்கும்தான். என் கணவர் காலண்டரை எடுத்து, தன் லீவு, வேன்காரர் வரும் நாள், பையனின் கோச்சிங் எல்லாம் பார்த்து ஒரு புதன்கிழமையைக் குறித்துவிட்டார். மகள் மட்டும், "அன்னைக்கு வேண்டாம்ப்பா" என்றாள். "ஏன்?" என்றார். பதில் இல்லை. "காரணம் சொன்னாத்தானே மாத்த முடியும்?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுப்படியிலிருந்து என் மாமியார் குரல் வந்தது. "அந்த வாரம் வேண்டாம் தம்பி. அடுத்த வாரம் வச்சுக்க." அவ்வளவுதான். தேதி மாறிவிட்டது. பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் மாதத்தில் அந்த நாட்களைக் கணக்கில் எடுக்காமல் நீர்ப் பூங்காவுக்குத் தேதி குறிக்க முடியாது. அது அந்த வீட்டில் காலண்டர் வைத்திருந்தவருக்குத் தெரியவில்லை. பெஞ்சில் உட்காருகிறவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மகள் கேட்டாள்: "அப்பாயி, அங்க உனக்கு என்ன வேணும்?" அப்படி ஒரு கேள்வியை அந்த அம்மாளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. "எனக்கு என்னடி வேணும், நீங்க விளையாடுங்க" என்றுதான் முதலில் சொன்னார். மகள் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அந்த அலை அடிக்கிற குளம் இருக்காமே, அதுல கணுக்கால் நனையிற மட்டும் நிக்க விடுவானா?" என்று கேட்டார். ஆற்றங்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவர். கடல் அலையில் நின்றதே இல்லையாம். இத்தனை வருஷமாக மருமகளும் மகனும் பேரப்பிள்ளைகளும் வீட்டில் இருந்தும் எங்கள் யாருக்கும் அது தெரியாது.

இதை வைத்துத்தான் அந்தத் தடவை திட்டம் போட்டோம். அவருக்கு முழங்காலுக்குக் கீழ் வருகிற நைலான் உடை ஒன்று, மேலே முழுக்கைச் சட்டை. மகளே கடைக்குக் கூட்டிப் போய் வாங்கிக் கொடுத்தாள். லாக்கர் வாடகையைப் பட்ஜெட்டின் முதல் வரியில் எழுதினோம். காலையில் உள்ளே நுழைந்ததும் முதல் வேலை அலைக்குளம். கணுக்கால் என்றவர் இடுப்பளவுக்குப் போய்விட்டார். அலை வரும்போதெல்லாம் என் தோளை அவர் பிடித்த பிடியில் மறுநாள் வரை எனக்கு வலி.

கதை இத்தோடு முடியவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு, "போதும்டி, நான் கொஞ்சம் உக்காருறேன்" என்று அவரே ஒரு பெஞ்சுக்குப் போனார். "பழையபடி பெஞ்சுதானா?" என்று பேரன் கிண்டல் பண்ணினான். அவர் சொன்னார்: "பை இல்லாம உக்காருறது வேறடா." இதைவிடப் பெரிய பொருளாதார வகுப்பை நான் இந்தக் கல்லூரியில்கூடக் கேட்டதில்லை. (கைத்தட்டல்) உட்காருவது பிரச்சினை இல்லை. எழுந்து போக முடியாமல் உட்காருவதுதான் பிரச்சினை. எல்லாரும் ராட்டினத்தில் ஏறியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏறுவதும் உட்காருவதும் அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இனி, செயலாளர் கேட்ட பயனுள்ள விஷயம். அனுபவத்தில் கண்ட ஐந்து குறிப்புகள்.

ஒன்று. திட்டம் போட உட்கார்ந்தால் வீட்டில் யார் குறைவாகப் பேசுகிறாரோ அவரை முதலில் கேளுங்கள். ஆளுக்கு ஓர் ஆசை சொல்ல வேண்டும். அந்த ஓர் ஆசை கட்டாயம் நிறைவேற வேண்டும். மற்றதெல்லாம் நேரம் இருந்தால். சத்தம் போடுகிற பிள்ளையின் ஆசை தானாக நடந்துவிடும், கவலைப்படாதீர்கள்.

இரண்டு. டிக்கெட் விலையை மட்டும் பார்த்துச் செலவைக் கணக்கிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் டிக்கெட் பாதிதான் வந்தது. வண்டி, சாப்பாடு, லாக்கர், உடை, அங்கே எடுத்துக் கொடுக்கிற போட்டோ என்று மீதிப் பாதி. பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டினால் காலையில் வேனிலேயே சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஒருவரே அத்தனை பேருக்கும் கட்டுவதாக இருந்தால், தயவுசெய்து கட்டாதீர்கள். வழியில் இட்லி வாங்கிக்கொள்ளலாம்.

மூன்று. வீட்டிலேயே குழந்தைகளைச் சுவரில் நிறுத்தி உயரம் அளந்துவிடுங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. அமெரிக்காவில் புளோரிடா டிஸ்னி வேர்ல்டில் ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரயிலில் ஏற 44 அங்குலம், அதாவது சுமார் 112 செ.மீ. வேண்டும். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, வாசலில் அளவுகோலைக் காட்டித் திருப்பி அனுப்பினால் குழந்தை அழும் அழுகை அன்றைக்குச் சாயங்காலம் வரை ஓயாது. உயரம் போதாத சின்னக் குழந்தையோடு யார் வெளியே நிற்பது என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. அதற்கும் யாரை நிறுத்துவோம் என்று உங்களுக்கே தெரியும்.

நம் மாணவர்கள் பலர் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள இங்கிருந்து பெற்றோரை அழைப்பார்கள். ஊர் சுற்றிக் காட்டுகிற பட்டியலில் டிஸ்னி வேர்ல்டு கட்டாயம் இருக்கும். 1971-இல் ஒரு பூங்காவாகத் தொடங்கியது, 1982, 1989, 1998 என்று வளர்ந்து இன்று நான்கு தீம் பார்க். நடந்து மாளாது. அங்கே 'ரைடர் ஸ்விட்ச்' என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். குழந்தையோடு ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் போய்விட்டு வருவார். அவர் வந்ததும், நின்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். சக்கர நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கிறது. தம்பிகளே, அம்மா அப்பாவைக் கூட்டிப் போனால் முறை மாற்றி நில்லுங்கள். ஆயாவையே நிரந்தரமாக நிறுத்திவிட்டு, ஊருக்கு அனுப்ப அவரைக் கோட்டை முன்னால் நிற்க வைத்து ஒரு போட்டோ மட்டும் எடுக்காதீர்கள்.

நான்கு. சனி ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களைத் தவிருங்கள். கதவு திறக்கும்போதே உள்ளே போங்கள். கூட்டம் வாசல் பக்கம் இருக்கும்போது நீங்கள் கடைசியில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு நிமிஷ விளையாட்டுக்கு நாற்பது நிமிஷம் நிற்பது சலிப்புத்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த வரிசையில்தான் என் மகன் தன் பள்ளிக்கூட விஷயங்களை என்னிடம் பேசினான். வீட்டில் அவ்வளவு நேரம் அவன் என் பக்கத்தில் நின்றதே இல்லை.

ஐந்து. இதுதான் முக்கியம். பயணத்துக்கு மறுநாளையும் திட்டத்தில் சேருங்கள். ஐந்து பேரின் ஈரத்துணி, மணல் ஒட்டிய துண்டுகள், காலியான வாட்டர் பாட்டில்கள், கட்டுச்சோற்றுப் பாத்திரங்கள். எல்லாரும் களைத்துப்போய்ப் பத்து மணி வரை தூங்குவார்கள். ஒருவர் மட்டும் ஆறு மணிக்கு எழுந்து துணியை ஊறப்போடுவார். அவர் எவ்வளவு அலையில் குளித்திருந்தாலும், அந்த வாளியைப் பார்த்ததும் முந்தின நாள் சந்தோஷம் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் துணி என் கணவருக்கு, பாத்திரம் பிள்ளைகளுக்கு என்று எழுதியே வைத்தோம். எழுதாவிட்டால் நடக்காது. எங்கள் வீட்டு ஆண்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. எழுதாத வேலையெல்லாம் தானாக ஒருவர் தலையில் விழுவது எல்லா வீட்டுப் பழக்கம்.

தங்கைகளே, தம்பிகளே, உங்கள் காலத்தில் டிக்கெட்டை போனிலேயே எடுத்துவிடுகிறீர்கள். ரொம்ப வசதி. "பெரியவர் எத்தனை, சிறியவர் எத்தனை?" என்று அது கேட்கும். "இவர்களில் பையைப் பார்த்துக்கொள்வது யார்?" என்று அது கேட்காது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். நாளைக்குக் குடும்பம் என்று வந்து, யார் வேலையை விடுவது, யார் மேற்படிப்புக்குப் போவது, நோயாளியோடு ஆஸ்பத்திரியில் யார் தங்குவது என்று முடிவு செய்யும்போதும் அதே கேள்விதான் வரும். ஒரு நாள் பயணத்தில் கேட்டுப் பழகியவர்களுக்கு அப்போது கேட்பது சுலபம்.

கடைசியாக, பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. என் வகுப்பில் நாங்கள் பதினான்கு பெண்கள் படித்தோம். இன்று வந்திருப்பது மூன்று பேர். மற்றவர்களில் ஏழு பேரிடம் போன வாரம் போனில் பேசினேன். ஒருத்திக்குப் படுத்த படுக்கையாக மாமனார். இன்னொருத்திக்கு வேலைக்குப் போகும் மகளின் கைக்குழந்தை. ஏழு பேரும் சுற்றி வளைத்து ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "வீட்டைப் பார்த்துக்க ஆள் இல்லைடி." என்னோடு படித்த ஆண்களில் இருபத்திரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள். உங்களைப் பார்க்க எனக்குச் சந்தோஷம். உங்கள் வீடுகளை இப்போது யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

அழைப்பிதழில் "குடும்பத்துடன் வருக" என்று அச்சடித்தால் மட்டும் போதாது. அடுத்த ஆண்டு தரைத்தளத்தில் இரண்டு வகுப்பறைகளை ஒதுக்குவோம். ஒன்று, பெரியவர்கள் காலை நீட்டிப் படுக்க. மற்றொன்று, கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் கட்ட. பார்த்துக்கொள்ள, பழைய மாணவர்களிலேயே ஆணும் பெண்ணுமாகப் பெயர் எழுதி, ஆளுக்கு இரண்டு மணி நேரம் முறை போடுவோம். இப்போதும் வாசலில் பதிவு மேஜையில் நான்கு மாணவர்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை எழுப்பிச் சாப்பிட அனுப்பிவிட்டு, நம்மில் நான்கு பேர் அங்கே போய் உட்காரலாம். என் பேச்சு முடிந்ததும் முதல் ஆளாக நான் போகிறேன். முறை எழுதும் நோட்டில் முதல் பெயராக என் பெயரையும் எழுதிக்கொள்ளச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.